கதைக்காத இருவருடன் கோசோத் தீவுக்கு

1

ஊரிலிருந்து தொலைபேசியில் பேசுகிறவர்கள் ஒரு கேள்வியைக் கேட்காமல் விடமாட்டார்கள். "ஐரோப்பாவிலை இருக்கிறியள். எல்லா நாடும் சுத்திப் பாத்திருப்பியள், என்ன?" நானும் ஓம் என்றுதான் சொல்லுவேன். அது பொய்யில்லை. பாரிசுக்கு ஏழெட்டுத் தரம் போயிருக்கிறோம். ஆனால் அந்த இரும்புக் கோபுரத்தை ஒரு தரமேனும் கிட்ட நின்று பார்த்தது கிடையாது. பெரியபிள்ளையானவளுக்குச் செய்கிற சாமத்தியவீட்டு மண்டபம், மச்சாள் வீட்டுக் குசினி, தமிழ்க் கடைத்தெரு, திரும்பவும் டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற இக்காஸ்ட். ஜெர்மனிக்குப் போவது கலியாணத்துக்கு. லண்டனுக்குப் போவது செத்தவீட்டுக்கு. எங்களுக்கு நாடு பார்ப்பது என்றால் அந்த நாட்டில் இருக்கிற எங்கள் ஆட்களைப் பார்ப்பது.

அதனால்தான் எங்கள் மகள் ஜெனி, மோல்ற்றாவுக்குப் பக்கத்தில் கோசோ என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது, அதைப் பார்க்கப் போவோம் என்றதும், இவர் (இவர் என்றால் என் கணவர்) என்னிடம் கேட்டார்:

"அங்கை எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"பிறகு என்னத்துக்கு?"

அந்தக் கேள்வியை மகளிடமே கேட்டிருக்கலாம். அவள் அதே மேசையில், இவருக்கு எதிரில்தான் இருந்தாள். ஆனால் இரண்டு பேரும் மாசி மாதத்திலிருந்து கதைப்பதில்லை.

அன்று எங்கள் கலியாணத்தின் இருபத்தைந்தாவது ஆண்டு நிறைவு. டென்மார்க்கில் வெள்ளிக் கலியாண நாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அயலவர்கள் விடியமுன் திருட்டுத்தனமாக வந்து, வாசலில் ஊசியிலைக் கொப்புகளால் வளைவு கட்டி, தூக்கத்திலிருந்து எழுப்பிப் பாட்டுப் பாடுவார்கள். எங்களுக்கும் செய்வார்கள் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை. கதவடியில் தட்டுகிற சத்தம் கேட்டுக் கள்ளன் என்று இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தால், பக்கத்து வீட்டுக் கிர்ஸ்டன் தலைமையில் தெருவே நின்று பாடுகிறது. இவர் சாரத்தை அவிழ்த்து விடவும் மறந்து, கடைசிவரி வரைக்கும் அப்படியே நின்றார். பாணும் பட்டரும்கூட அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒளிக்க என்ன இருக்கிறது, நன்றாகவே அழுதேன்.

அந்தச் சதியில் ஜெனிக்கும் பங்கு இருந்தது. ஆட்கள் போன பிறகு கோசோப் பயணத்தைப் பரிசு என்று சொல்லி நீட்டினாள். நீட்டியது எனக்கு. தகப்பனுக்கு இல்லை.

2

என்ன பிரச்சினை என்று சொல்லிவிடுகிறேன். ஜெனி ஓகூஸ் நகரத்தில் ஒரு மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறாள். மாஸ் என்ற டெனிஷ்ப் பொடியனைக் கட்டப்போகிறாள். மாஸ் நல்லவன். இடியப்பத்தைக் கையால் குழைத்துச் சாப்பிடுகிறான். இவருக்கும் அவனுக்கும் ஒரு கோபமும் இல்லை; வந்தால் இரண்டு பேரும் சோபாவில் இருந்து உதைபந்தாட்டம் பார்ப்பார்கள். பிரச்சினை எங்கே கலியாணம் என்பதுதான். மாஸுக்கு எந்தச் சமயமும் இல்லை. தான் நம்பாத ஒன்றைப் பீடத்துக்கு முன்னால் நின்று சொல்லமாட்டேன் என்கிறான். ஜெனியும் அவன் பக்கம். புரட்டாதியில் நகரசபைக் கந்தோரில் கலியாணத்தைப் பதிந்து எழுதுவது என்று முடிவு.

"கோயிலிலை எண்டால் வாறன்," என்றார் இவர். "கந்தோரிலை கலியாணம் எழுதுறதுக்கு நான் என்னத்துக்கு?"

நாங்கள் கத்தோலிக்கர். இவருக்கு ஊர்காவற்றுறை, எனக்கு மன்னார். தேவாலயத்தை நாங்கள் கோயில் என்றுதான் சொல்லுவோம். இவர் இக்காஸ்டுக்கு வந்த காலத்தில் துணி ஆலையில் இரவு வேலை முடிந்து, தூங்காமல் நேரே ஞாயிறு பூசைக்குப் போன ஆள். கலியாணம் கோயிலில் இல்லாமல் இன்னொரு இடத்தில் நடக்கும் என்பது இவருடைய கற்பனைக்குள் வரவேயில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சாப்பாடு, குளிர், கார், படிப்பு, இதற்கெல்லாம் எங்கள் வீட்டில் இருக்கிற தமிழ் போதும். நெஞ்சில் இருக்கிறதைச் சொல்லவேண்டும் என்றால் மகளுக்கு டெனிஷ் வேண்டும். அதைக் கேட்க இவருக்குத் தமிழ் வேண்டும். இவருடைய டெனிஷ் ஆலையில் கற்றது. இயந்திரம் நின்றுவிட்டது, பெட்டியை அங்கே வை, நாளைக்கு லீவு. அதை வைத்துக்கொண்டு கடவுளைப் பற்றி எப்படி வாதாடுவது? அதனால் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். நடுவில் நான் தபால்காரி ஆனேன். முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க ஆட்களைத் தூக்கி இருத்தி, குளிக்கவார்த்துவிட்டு வந்து, வீட்டில் இந்த வேலை. சம்பளமும் இல்லை.

3

ஆவணியில் போனோம். மோல்ற்றாவில் வாடகைக்கு எடுத்த அறையில் தங்கி, அடுத்த நாள் காலையே அங்கே எடுத்த வாடகைக் காரோடு கப்பலேறிக் கோசோவுக்குப் போனோம். அரை மணித்தியாலக் கடல்கூட இல்லை. நான் பாணுக்குள் மீன் சம்பல் வைத்துச் சுற்றி எடுத்துக்கொண்டேன். ஜெனி, அங்கே கடைகள் இருக்கின்றன என்று டெனிஷில் சொன்னாள். கடைகள் எங்கேதான் இல்லை? அதற்காகச் சம்பலை விடமுடியுமா?

மகள் தன் கைத்தொலைபேசியில் முழு நாளையும் போட்டு வைத்திருந்தாள். கோட்டை, பழைய கற்கோயில், உப்புப் பாத்திகள், ஒரு குளிக்கிற இடம், சூரியன் மறைகிற இடம். சூரியன் மறைவதற்கும் நேரம் குறித்திருந்தாள். டென்மார்க்கில் வளர்ந்த பிள்ளை.

அங்கே கார் இடப்பக்கம் ஓடுகிறது, எங்கள் ஊர் மாதிரி. ஜெனிக்கு அது புதிது. தெருக்களோ ஒடுங்கியவை, இரண்டு பக்கமும் தேன்நிறக் கல்வீடுகள். இவர் பின் இருக்கையில் இருந்து எனக்குத்தான் சொன்னார்:

"இஞ்சரும், உம்மடை மகளிட்டைச் சொல்லும், சுவரோடை உரசப்போறா எண்டு."

"அப்பாவிடம் சொல்லுங்கள், எனக்கும் கண் இருக்கிறது," என்றாள் ஜெனி, டெனிஷில்.

"என்னவாம்?"

"கவனமா ஓடுறாவாம்."

தபால்காரிக்குக் கடிதத்தைக் கொஞ்சம் திருத்துகிற உரிமை இருக்கிறது.

கோட்டைக்குள் பெரிய கோயில் ஒன்று. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் ஆழமான குவிமாடம், மேலே சாளரங்கள், வெளிச்சம். வெளியில் வந்து பார்த்தால் கூரை தட்டை. குவிமாடமே கிடையாது, கட்டப் பணம் போதாமல் துணியில் படமாகக் கீறி ஒட்டிவிட்டார்களாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர் சிரிக்கவில்லை. திரும்பவும் உள்ளே போய், நடுவில் நின்று, கைகூப்பிக்கொண்டு மேலே பார்த்தார்.

"உவவிட்டைக் கேளும்," என்றார் பிறகு, "இப்பிடியொரு கோயிலிலை கட்டினால் என்ன குறையுதாம் எண்டு."

ஜெனி மேலே பார்த்தபடியே டெனிஷில் சொன்னாள். "இதுதான் எனக்குப் பயம் என்று சொல்லுங்கள். உள்ளே இல்லாததை இருக்கிற மாதிரிக் கீறிவைக்க மாஸுக்கும் எனக்கும் விருப்பமில்லை."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் முப்பது வருடமாக டென்மார்க்கில் இருக்கிற மனிதர். 'இல்லை', 'பயம்' என்கிற டெனிஷ்ச் சொற்கள் இவருக்கு விளங்கும். திரும்பி வெளியில் போய்விட்டார். நாங்கள் வாங்கிய பலகாரப் பொதி, சூடான சீஸ் வைத்தது, காரில் எண்ணெய் வடிந்துகொண்டு கிடந்தது. யாரும் தொடவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இரண்டு பேரிலும்தான். கடலைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்து, இக்காஸ்ட் குசினி மேசையையும் கூடவே தூக்கி வந்திருக்கிறோம் என்று நினைத்தேன்.

4

உப்புப் பாத்திகள் தீவின் வடக்குக் கரையில் இருக்கின்றன. பாறையில் சதுரம் சதுரமாக வெட்டி, கடல்நீரைத் தேக்கிக் காயவிடுகிறார்கள். நான் ஊரில் உப்பளம் பார்த்தவள்தான்; ஆனால் பாறையில் வெட்டியதை இப்போதுதான் பார்க்கிறேன். ஜெனி குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தாள். இவர் கொஞ்சம் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அந்தச் சத்தம். தலைக்கு மேல் வானம் பிளக்கிற மாதிரி ஒன்று. உடனே இன்னொன்று.

நான் எப்போது கீழே படுத்தேன் என்று எனக்குத் தெரியாது. கன்னத்தில் பாறை சுட்டது. பார்த்தால் இவர் ஓடிவந்து ஜெனியின் பிடரியைப் பிடித்து அமத்தி, அவளைப் பாறை ஓரத்தில் கிடத்தி, மேலே கவிழ்ந்து கிடக்கிறார். அவள் கைத்தொலைபேசி ஒரு பாத்திக்குள் விழுந்து உப்புத் தண்ணீரில் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டு எங்களையே பார்த்தது.

உப்பு விற்கிற மனிதர் கையை ஆட்டிக்கொண்டு வந்தார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, திருநாள் என்றார். குன்றில் இருக்கிற ஊரில் மாதா திருநாளாம். பின்னேரம் மாதாவைத் தூக்கி வருகிற சுற்றுப்பிரகாரம், அதற்குத்தான் வெடி போடுகிறார்கள். இந்தத் தீவில் கோடை முழுக்க இப்படித்தானாம்.

இவர் எழுந்து காற்சட்டையைத் தட்டிக்கொண்டார். முகம் கறுத்துவிட்டது. வெட்கம். ஊரில் குண்டு விழுந்த காலத்தில், சத்தம் கேட்டதும் படுக்கிற இந்தப் பழக்கம்தான் எங்களை உயிரோடு வைத்தது. ஆனால் அதை ஐஸ்கிறீம் குடிக்கிறவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? ஜெனிக்குக்கூட நாங்கள் அதிகம் சொன்னதில்லை. பிள்ளைக்கு ஏன் அந்தக் கதையெல்லாம் என்று விட்டுவிட்டோம். அவள் முழங்காலில் தோல் உரிந்திருந்தது. அதைத் துடைக்கவில்லை. தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா," என்றாள், இந்தத் தரம் தமிழில். "அப்பாவுக்குத் திருநாள் பாக்க விருப்பமோ எண்டு கேளுங்கோ."

"உன்ரை திட்டத்திலை அது இல்லையே."

"ஃபோனே செத்துப்போச்சு. இனி என்ன திட்டம்?"

5

ஊர் முழுக்கச் சிவப்புப் பட்டுத் தோரணங்கள். தெருவோரத்தில் கிழவிகள் கதிரை போட்டு இருந்தார்கள். பேண்ட் வாத்தியக்காரர் வாசிப்பதும் இடையில் பியர் குடிப்பதுமாக நின்றார்கள். கோயிலுக்குள் பூசை வைத்த சாமியார் செபத்தில் 'அல்லா' என்று சொல்ல, இவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். மோல்ற்றாக்காரரின் மொழியில் கடவுளுக்கு அதுதான் சொல்லாம். ஜெனி காதுக்குள் விளக்கினாள். என் காதுக்குள்தான், ஆனால் இவருக்கும் கேட்கிற மாதிரி.

வெயில் தணிய மாதா சுருவம் வெளியே வந்தது. எங்கள் ஊரில் சிலையைச் சுருவம் என்போம். நீண்ட மரத்தண்டுகளில் வைத்து, வெள்ளை அங்கி போட்ட எட்டு ஆண்கள் தோளில் தூக்கி வந்தார்கள். பக்கத்திலேயே, தலைப்பில் இரண்டாகப் பிரிந்த கவர்க்கம்போடு சிலர் நடந்தார்கள். நிற்கிற இடங்களில் அவர்கள் தண்டுக்குக் கீழே கம்பை முட்டுக்கொடுக்க, தூக்குகிறவர்கள் இளைப்பாறுவார்கள். இவர் தெருவோரத்தில் என் பக்கத்தில் நின்றார். உதடு தானாகச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு திருப்பத்தில் தெரு சரிவாக இறங்கியது. பின் தண்டைப் பிடித்த ஒருவருக்குக் கால் ஒரு கணம் தடுமாறியது. சுருவம் மெல்லச் சரிந்தது. நான் திரும்பிப் பார்த்தேன், பக்கத்தில் இவர் இல்லை.

ஊர்காவற்றுறையில் சுருவம் வைத்த கூட்டைத் தூக்க ஆள் குறித்து வைப்பதில்லை. பாரமாக இருக்கிறதென்று கண்டால் யாரும் தோள் கொடுக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே புகுந்துவிடுவார்கள். யாழ்ப்பாணத் தீவார் எதிலும் கேட்டுக்கொண்டு புகுகிறவர்கள் இல்லை என்று நான் இவரைக் கேலி செய்வேன். இவரும் அப்படியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்த் தண்டுக்குக் கீழே தோளை வைத்துவிட்டார். நீலக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டையோடு, எட்டு வெள்ளை அங்கிகளுக்கு நடுவில்.

வாத்தியம் நின்றது. அங்கிக்காரர் ஒருவர் கோபமாக ஏதோ சொல்லி இவரை விலக்கினார். இன்னொருவர் கையைப் பிடித்தார். கதிரைக் கிழவிகள் எழுந்துவிட்டார்கள். இவருக்கு என்ன பிழை என்று விளங்கவில்லை. உதவி செய்ய வந்த ஆளைக் கள்ளனைப் போலப் பிடித்தால் யாருக்கு விளங்கும்? என் ஆங்கிலம் அந்த நேரத்தில் எங்கே போனதோ தெரியவில்லை.

ஜெனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள்.

"இவர் என் அப்பா," என்றாள் ஆங்கிலத்தில், தெருவுக்கே கேட்க. "இவருடைய ஊரிலும் மாதாவை இப்படித்தான் தூக்குவார்கள். அங்கே யாரும் அனுமதி கேட்பதில்லை. பாரமாக இருந்தால் தோள் கொடுப்பார்கள். இவருக்கு அவ்வளவுதான் தெரியும். இவரை விடுங்கள்."

இதை யார் இவளுக்குச் சொன்னது? நான் சொல்லவில்லை. அவளுடைய சின்ன வயதில் இவர் படுக்கையில் வைத்துக் கதை கதையாகச் சொன்னதில் எதையோ பிடித்து வைத்திருக்கிறாள். அவளிடமிருந்து அதெல்லாம் போய்விட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

தூக்கி வந்தவர்களில் நரைத்த ஒருவர் சிரித்தார். அவர் மெல்பேணில் இருக்கிறாராம். அரைவாசித் தீவே அவுஸ்திரேலியாவில்தானாம். தூக்குகிற இந்த இடத்துக்காக வருடாவருடம் பறந்து வருகிறேன் என்றார். இந்தத் தண்டில் ஒரு இடம் கிடைக்க ஆட்கள் பல வருடம் காத்திருப்பார்கள். தோளை வைக்க யாரையும் விடமுடியாது என்று ஜெனிக்கு விளக்கினார். பிறகு கவர்க்கம்பு ஒன்றை வாங்கி இவர் கையில் கொடுத்தார்.

ஜெனி இவருக்குத் தமிழில் சொன்னாள். தட்டுத்தடுமாறி, ஆனால் நேரே, இவர் முகத்தைப் பார்த்து: "தூக்க ஏலாதாம் அப்பா. முட்டுக் குடுக்கலாமாம்."

"காணும், அது போதும்," என்றார் இவர்.

வாத்தியம் திரும்பத் தொடங்கியது. இவர் வெறுங்காலோடு அந்தக் கம்பைப் பிடித்துக்கொண்டு தெருவின் கடைசிவரைக்கும் நடந்தார். நிற்கிற இடங்களில் மற்றவர்களைப் பார்த்துச் சரியாக முட்டுக்கொடுத்தார். செருப்பைத் தூக்கிக்கொண்டு ஜெனி பக்கத்தில் நடந்தாள். சூரியன் எந்த இடத்தில் மறைந்தது என்று எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

6

திரும்பி வருகிற கப்பலில் மேல்தட்டில் இருந்தோம். காற்று நன்றாக அடித்தது. மீன் சம்பல் பாணை மூன்று பேரும் பகிர்ந்து சாப்பிட்டோம். ஜெனிதான் முதலில் கேட்டாள், எனக்குப் பசிக்குது என்று.

"இஞ்சரும்," என்று இவர் தொடங்கினார். நான் தபாலை வாங்கத் திரும்பினேன். இவர் கையால் என்னை நிறுத்திவிட்டு ஜெனியின் பக்கம் பார்த்தார்.

"பிள்ளை."

ஜெனி பாணை மடியில் வைத்தாள்.

"உந்தக் கந்தோர்க் கலியாணத்துக்குச் சாட்சி வேண்டாமே?"

"வேணும். ரெண்டு பேர்."

"ஆர் நிக்கினம்?"

"மாஸின்ரை அக்கா ஒராள். மற்ற ஆள் இன்னும் இல்லை." சொல்லைத் தேடித் தேடிச் சொன்னாள். "ஆள் இல்லாட்டிப் பரவாயில்லை. நகரசபையிலை வேலை செய்யிற ஆராவது வந்து நிப்பினம். அது வழமைதான்."

"வேலை செய்யிற ஆராவதோ?"

"ஓம்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது, இவருடைய நினைவு எங்கே போய்விட்டது என்று. எங்கள் கலியாணம் திருச்சியில் ஒரு கோயிலில் நடந்தது. நல்ல கோயில், நல்ல பூசை. ஆனால் ஊருக்குப் போகமுடியாத சண்டைக் காலம். இவர் பக்கத்திலிருந்தும் என் பக்கத்திலிருந்தும் ஒரு சொந்தமும் வர முடியவில்லை. நாங்கள் தங்கியிருந்த விடுதியின் மனேச்சரும், எங்களைக் கோயிலுக்குக் கொண்டுவந்த ஓட்டோக்காரரும்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். படத்தில் இன்றைக்கும் நிற்கிறார்கள். அவர்களின் பெயர்கூட எங்களுக்கு ஞாபகமில்லை.

"எங்களுக்கு அண்டைக்கு ஆக்கள் இல்லை," என்றார் இவர். குரல் ஏறிவிட்டது. "ஆரோ ஒரு லொட்ஜ்காரன் வந்து நிண்டவன். அது எங்கடை விதி. உனக்கு என்ன? நான் உயிரோடை இருக்கேக்கை உன்ரை பக்கத்திலை ஒரு கந்தோர்க்காரன் நிக்கிறதோ?"

"நீங்கள்தானே வரமாட்டன் எண்டு சொன்னனீங்கள்."

"கலியாணத்துக்கு வரமாட்டன் எண்டு சொன்னனான். இது சாட்சி. அது வேறை."

அதில் என்ன வேறு என்று நான் கேட்கவில்லை. ஜெனியும் கேட்கவில்லை. அவளுடைய கண் நிறைந்து வழிந்தது. காற்று என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

"எத்தினை மணிக்கு எண்டு சொல்லு," என்றார் இவர், கடலைப் பார்த்துக்கொண்டு. "வேலையிலை லீவு கேக்கவேணும்."

அவள் டெனிஷில் ஏதோ தொடங்கினாள். நிறுத்தினாள்.

"பதினொரு மணிக்கு, அப்பா. வெள்ளன வாங்கோ."